ஆச்சியின் அச்சகத்தில் நான் எடுத்த பதினோரு வரி

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக வேலை பார்த்த திருச்சிப் பதிப்பகத்துப் பெண்கள் மட்டும் இன்னும் என்னை விடுவதாயில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் புரூஃப் ரீடர்களிடம் ஒரு நாள் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஒரு பெண் பேச்சுவாக்கில், "யாருக்காவது மனசு நோகும்னு தோணினா ரெண்டு வரியை நாங்களே தூக்கிருவோம் மேடம். ஆத்தருக்கே தெரியாது" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கிய காபியைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். அவளைத் திட்ட வாயெடுத்தேன். எந்த யோக்கியதையில் திட்டுவது என்று அடங்கிக்கொண்டேன். அன்று சொல்லாமல் வந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஈய எழுத்துக் காலத்தை நினைத்து உருகப் போகிறேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஈயப் புழுதியில் இருமி, சீமெண்ணெயில் கையைக் கழுவி, மங்கலான எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதெல்லாம் போதும். அது போனது நல்லதுக்குத்தான்.

எனக்கு வல்லத்திராக்கோட்டை. விவசாயக் குடும்பம். சமஸ்தானம் நாற்பத்தெட்டில் மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்ந்தபோது புதுக்கோட்டையில் பெண்கள் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணி இரண்டு வருஷம் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உமையாள் ஆச்சி கடையில் இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமாம் என்று தகவல் வந்தது. அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆம்பளைக நிக்கிற எடத்துல ஒனக்கு என்ன வேலை?"

"கடைக்காரவுகளே பொம்பளைதானப்பா."

"பொம்பளையா? அப்பச் சரி. வெள்ளனப் போயிட்டு வெளிச்சத்துல வந்துரணும்" என்றார். என் உத்தியோக வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

ஆச்சிக்குப் பொன்னமராவதிப் பக்கம் பிறந்த ஊர். அப்போது ஐம்பது வயதிருக்கும். முன்பக்கம் புத்தகக்கடை, பின்பக்கம் அச்சகம். காலால் மிதிக்கிற ட்ரெடில் மெஷின் ஒன்று. கம்பாசிட்டர் அருணாசலம் அண்ணன், மெஷின்காரர் ஒருவர், பைண்டிங்குக்கு இருவர். புருஷன் போனதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கடையை விற்றுவிடச் சொன்னார்களாம். ஆச்சி நேரே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், இந்த அச்சகம் இனி என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அங்கே அச்சான ஒவ்வொரு தாளின் அடியிலும் ஆச்சி பெயர்தான் இருந்தது. ஊரில் இங்கிலீஷ் புத்தகம் என்றால் ஆச்சி கடைதான். கிராமர், டிக்‌ஷனரி, கதைப் புத்தகம், நாவல் எல்லாம் மெட்ராஸிலிருந்து பெட்டி பெட்டியாக ரயிலில் வந்து இறங்கும்.

சேர்ந்த அன்றைக்கே முதல் அதிர்ச்சி. ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஸ்கூல் டே மேடையில் நிற்கிற நினைப்பில் ஏற்ற இறக்கத்தோடு ஒரு பக்கம் படித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ சரியாப் படிக்கிறியா தப்பாப் படிக்கிறியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அர்த்தத்தைச் சொல்லு" என்றார்.

ஆச்சிக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது! பச்சை அட்டைக் கிராமர், செங்கல் கனத்து டிக்‌ஷனரி, குதிரைப் படம் போட்ட கதைப் புத்தகம் என்று நிறத்தையும் கனத்தையும் வைத்தே அத்தனை புத்தகத்தையும் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை. தாலுகா ஆபீஸ் ஆட்கள் வந்து புத்தகத்தின் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார். தெரியாத பாஷையில் எதற்கு இப்படி ஒரு கடை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கிற தைரியம் வரவில்லை. ஆச்சியிடம் யாரும் அநாவசியமாக எதையும் கேட்க மாட்டார்கள்.

வேலை பழக ஆறு மாசம் ஆனது. அதை விட்டுவிடலாம். சொல்ல வேண்டியது ஆச்சியின் நாலு மணிச் சட்டம்தான். வேறு எந்த அச்சகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. காலையில் அருணாசலம் அண்ணன் எழுத்துக் கோத்து, கேலி என்கிற நீளத் தட்டில் வைத்து மை தடவி ஒரு புரூஃப் எடுத்துத் தருவார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் கோப்பார், அதனாலேயே பிழை குறைவு. நான் கையெழுத்துப் பிரதியை இடப்பக்கமும் புரூஃபை வலப்பக்கமும் வைத்து ஸ்கேலை நகர்த்தி நகர்த்தித் திருத்துவேன். திருத்தி முடித்த பிறகும் மெஷினில் ஏற்றக் கூடாது. நாலு மணிக்கு ஆச்சி கல்லாவை விட்டு எழுந்து உள்ளே வந்து, மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்துகொள்வார். அன்றைக்கு அச்சாகப் போகிற இங்கிலீஷ் முழுவதையும் நான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கேட்டு முடித்து, புரூஃபின் மூலையில் 'உ' என்று எழுதுவார். அது பெயரின் முதலெழுத்து. பிள்ளையார் சுழி என்று நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அந்த 'உ' விழுந்தால்தான் மெஷின் ஓடும்.

"எதுக்கு ஆச்சி இவ்வளவு மெனக்கெடணும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"கீழ எம் பேரு இருக்குல்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிப் பொறுப்பு ஏக்கிறது?" என்றார்.

இதில் ஆச்சி எவ்வளவு கெட்டி என்பது ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தபோது தெரிந்தது. பெரிய வக்கீல், காரில் வந்து இறங்குகிறவர். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் நடத்தையைப் பற்றி இங்கிலீஷில் நாகரிகமாக ஒரு நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்தார். நாலு மணிக்கு நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அந்த நாகரிகம் ஒவ்வொரு வரியாகக் கழன்று விழுந்தது. பாதியிலேயே ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாள் வக்கீல் வந்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

"உங்களுக்கு இங்கிலீஷ் புரியலைன்னு நினைக்கிறேன்."

"இந்தப் புள்ள தமிழ்ல சொல்லிருச்சு. ஒரு பொம்பளையை இங்கிலீஷ்ல திட்டுனா அது திட்டு இல்லேன்னு ஆயிருமா?"

வக்கீல் முகம் செத்துப்போய்விட்டது. நான் அலமாரிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திச் சிரித்தேன். யாரையாவது தூற்றுகிற எழுத்து என்றால் ஆச்சி அச்சிட மாட்டார் என்று அன்றைக்கு என் மனதில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. பின்னால் நான் செய்த காரியத்துக்கு அதுவும் ஒரு காரணம். சாக்கு என்று சொன்னாலும் சரிதான்.

நான் சேர்ந்து நாலைந்து வருஷம் கழிந்து கிரேஸ் டீச்சர் வந்தார். எங்கள் ஸ்கூலின் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னையும் படிக்க வைத்தவர்தான். பள்ளியில் கழித்த முப்பது வருஷத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் எழுதிக் கையில் கொண்டுவந்திருந்தார். பெண்பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்தது, பெரிய மனுஷியாகிவிட்டால் அவர்கள் காணாமல் போவது, திரைச்சீலை கட்டிய மாட்டு வண்டியில் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் என்று எல்லாம் அதில் இருந்தன. முந்நூறு பிரதி போடுவதாக ஏற்பாடு. முதல் நாள் ஆச்சியும் டீச்சரும் கடையின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கூலி விஷயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏன் டீச்சர் இங்கிலீஷ்ல எழுதினீங்க?" என்று நான் கேட்டேன்.

"தமிழ்ல எழுதினா எல்லாரும் படிச்சிடுவாங்களே" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ணுல புரை விழுந்திருக்கு சௌந்தரம். புரூஃப் பாக்க என்னால ஆகாது. நீ பாத்தா நான் பாத்த மாதிரி" என்றார்.

நான் பூரித்துப்போனேன். ஹெட்மிஸ்ட்ரஸின் இங்கிலீஷை நான் பார்ப்பதா! வீட்டுக்குப் போய் அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

எங்களிடம் இருந்த இங்கிலீஷ் எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் வரும். எட்டுப் பக்கம் கோத்து, முந்நூறு பிரதி அச்சிட்டு, எழுத்தையெல்லாம் கலைத்து எழுத்துப் பெட்டியில் அறை அறையாகத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்த எட்டுப் பக்கம். ஓடி முடிந்த பக்கத்தை மறுபடி திருத்த வழியே கிடையாது. இப்படியே மாசக்கணக்கில் போனது. தினமும் நாலு மணிக்கு நான் கதை சொல்லுவேன். முடித்ததும் ஆச்சி, "அம்புட்டுத்தானா?" என்பார். "அம்புட்டுத்தான் ஆச்சி" என்பேன். 'உ' விழும். மற்ற புத்தகங்களுக்கு அவர் அப்படிக் கேட்டதில்லை. இது நீளமான புத்தகம், சலித்துப்போயிருக்கும் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை ஒரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வந்தது. கடைசிப் பதினோரு வரியில் ஸ்கேல் நின்றுவிட்டது. அந்த வரிகளின் சாரம் இதுதான்:

'என்னிடம் படித்த பெண்களில் எழுதுவதற்கென்றே பிறந்தவள் ஒருத்திதான். பெயர் தெய்வானை. பதினாலு வயதில் அரைப்பரீட்சைக்கு முன்னால் அவள் தாய் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தாள். நான் மூன்று நாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன், கதவு திறக்கவில்லை. அவள் இங்கிலீஷில் எழுதி நிரப்பிய நோட்டுகளைத் தாய் கிழித்துத் தன் கடையில் பொட்டலம் மடித்தாள். அந்தக் கடையில் ஒரு நாள் பேனா நிப்பு வாங்கிவரச் சொன்னேன். மடித்து வந்த தாளில் தெய்வானையின் கையெழுத்து இருந்தது. பதினாறு வயதில் பிரசவத்தில் போய்விட்டாள். அந்தத் தாய் இன்று ஊரார் பெண்களுக்குப் புத்தகம் விற்கிறாள். என் கைக்கு வந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்.'

அதன் கீழே அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியம். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால், அந்த வாக்கியம் மட்டும் டீச்சர் கையெழுத்தில் இல்லை. பழுப்பேறிய ஒரு துண்டுத் தாள் குண்டூசியால் குத்தியிருந்தது. உருண்டையான சின்ன எழுத்து. யாரோ மாணவியை விட்டுப் பிரதி எடுத்துக் குத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். அதுதான் அந்தப் பொட்டலத் தாள் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைக்கவில்லை என்று இன்று எழுதுகிறேன். உறைக்கக் கூடாது என்று நானே ஒதுக்கிவிட்டேனோ என்னவோ, தெரியவில்லை.

ஊரில் புத்தகம் விற்கிற பெண் ஒருத்திதான். ஆச்சிக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் வெளியூர்க்காரி. யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முன்னால் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஆச்சியை எட்டிப் பார்த்தேன். ஒரு பையனுக்கு அட்லஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் டீச்சரா இப்படி எழுதினார்? என் ஆச்சியா இப்படிச் செய்தார்? எதை முதலில் நம்புவது என்றே தெரியவில்லை.

நாலு மணிக்கு இதை நான் எந்த வாயால் சொல்லுவேன்? சொன்னால் ஆச்சி புத்தகத்தையே நிறுத்திவிடுவார். பாதிக்கு மேல் ஓடிவிட்டது, டீச்சரின் ஆயுசு வேலை குப்பைக்குப் போகும். சொல்லாமல் அச்சிட்டால் ஆச்சியைத் தூற்றுகிற புத்தகம் ஆச்சி பெயரோடேயே வெளியில் போகும். வக்கீல்களெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். இரண்டு பேரையும் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு இருபத்தி மூன்று வயது, ஊரிலேயே நான்தான் புத்திசாலி என்ற நினைப்பு.

"அண்ணே, இந்தப் பதினோரு வரியையும் எடுத்துருங்க" என்றேன்.

அருணாசலம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரம்மா சொன்னாகளா?"

"ஆமா."

"எடம் மொட்டையா நிக்குமே தாயி."

"அத்தியாயம் முடியிற எடந்தானே. ஒரு பூ பிளாக் வச்சிருங்க."

அவர் வரிகளை எடுத்துக் கலைத்து அறைகளில் போட்டார். அந்த இடத்தில் நாலு இதழ் பூ ஒன்று உட்கார்ந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. பிரதியில் அந்தத் தாள் இருந்தால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோம் என்று, கொல்லைப்புறம் பைண்டிங் பசை காய்ச்சுகிற அடுப்புக்குப் போனேன். குண்டூசியைக்கூடக் கழற்றவில்லை. நாலாகக் கிழித்து உள்ளே போட்டேன்.

அன்று நாலு மணிக்கு, ஸ்போர்ட்ஸ் நாளில் மழை பெய்து பந்தல் சாய்ந்த கதை ஒன்றை இட்டுக்கட்டிச் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் ஆச்சி."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு 'உ' போட்டார். நான் அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்தேன்.

மூன்று மாசம் கழித்து முதல் பத்துப் பிரதி பைண்டாகி வந்தது. டீச்சர் காலையில் பத்து மணிக்கே வந்துவிட்டார். ஆச்சி அவருக்கு நாற்காலி போட்டு, சந்தோஷத்தில் நிலைகொள்ளாமல் இருந்த என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். ஒரு பிரதியைக் கையில் எடுத்தார், முதலில் இருந்து கடைசி வரை பக்கங்களைத் தள்ளினார். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளை விட்டுட்டீகளே டீச்சரம்மா" என்றார்.

"யாரை ஆச்சி?"

"தெய்வானையைத்தான். தெனமும் இந்தப் புள்ள சொல்லுறப்ப, இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு உக்காந்து கேட்டேன். கடைசி வரைக்கும் வரலையே. ஒங்களுக்கு எழுத மனசு வரலைபோலன்னு நெனச்சு நானும் கேக்கலை."

"விடலையே ஆச்சி. நீங்க சொன்ன மாதிரிதானே எழுதியிருக்கேன்" என்று டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அத்தியாயத்தைத் தேடிப் பிடித்து, கண்ணாடியைப் பக்கத்தின் மேலிருந்து கீழே கொண்டுவந்தார். அது பூவுக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

"நீங்க சொன்ன மாதிரி" என்ற சொல் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழுகை வரவில்லை. ஆச்சிதான் கேட்டார்.

"என்னைத் திட்டி எழுதியிருந்துச்சா?"

"ஆமா ஆச்சி."

"என்னன்னு? இப்பச் சொல்லு. நாலு மணிக்குச் சொல்லாததை இப்பச் சொல்லு."

நின்ற இடத்திலேயே சொன்னேன். கதவைத் திறக்காததைச் சொன்னேன், நோட்டைக் கிழித்துப் பொட்டலம் மடித்ததைச் சொன்னேன், ஊரார் பெண்களுக்குப் புத்தகம் விற்பதைச் சொன்னேன். ஆச்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எல்லாம் நெசந்தான். நாந்தான் எழுதச் சொன்னேன். மொத நாளே சொல்லிட்டேன், எம் மகளைப் பத்தி எழுதுங்க, நான் செஞ்சதை மழுப்பாம எழுதுங்க, அப்படின்னாத்தான் இந்தப் புஸ்தகத்தை அச்சடிப்பேன்னு. அப்பச்சி இல்லாத புள்ள, இங்கிலீஷ் எழுதிக்கிட்டுத் திரிஞ்சா எவன் கட்டுவான்னு பயந்து செஞ்சேன். அவ போனப்பறந்தான் இந்தக் கடைக்குள்ள இங்கிலீஷ் புஸ்தகமே வந்துச்சு. அவ இருந்ததுக்கு ஒரு போட்டோகூட இல்லை. ஒரு புஸ்தகத்துலயாவது இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "என் பிரதியில ஒரு துண்டுத் தாள் குத்தியிருந்தேனே சௌந்தரம். அது எங்கே? அது அவ கையெழுத்து. பதினஞ்சு வருஷமா பைபிளுக்குள்ள வச்சிருந்தேன். ஆச்சிகிட்டத் திருப்பிக் கொடுக்கணும்."

"பசை அடுப்புல போட்டுட்டேன் டீச்சர்."

"அப்படியேவா?"

"கிழிச்சு."

ஆச்சி மெல்ல எழுந்து நின்றார். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியாததுபோல் பார்த்தார்.

"நான் கிழிச்சேன். நான் படிக்காதவ. நீயுமா புள்ள?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இதுபோல் ஒன்று என் தலையில் விழுந்ததில்லை. அன்று வேலையை விட்டுப் போகிறேன் என்றேன். "போயிட்டா யாரு சரி பண்றது? ஒக்காரு" என்றார் ஆச்சி.

சரி பண்ண அச்சகத்தில் ஒரே வழிதான் உண்டு. தவறான தாளைத் தையலோரம் விரற்கடை அகலம் விட்டு பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, புதிதாக அச்சடித்த தாளை அந்த விளிம்பில் பசை தடவி ஒட்ட வேண்டும். முந்நூறு பிரதிக்கும் அப்படித்தான். அதற்கு முதலில் வரிகள் வேண்டும். டீச்சர் தம்முடைய வரிகளைத் திரும்பச் சொல்ல, நான் எழுதினேன். நான் ஞாபகத்திலிருந்து சொல்ல, அவர் சரி பார்த்தார். ஒரு கடுமையான சொல்கூடக் குறையாமல் பத்து வரி திரும்பி வந்துவிட்டது. தெய்வானையின் வாக்கியம் மட்டும் வரவில்லை.

அது சித்தன்னவாசலுக்குப் போய்வந்த கட்டுரையில் ஒரு வாக்கியம். அங்கே கூரையில் தாமரைக் குளமும் பூப் பறிக்கிறவர்களுமாக ஓவியம் இருக்கிறதே, அதைப் பற்றியது. டீச்சருக்கும் அர்த்தம் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெண் போட்ட இங்கிலீஷ் வார்த்தைகள் இருவருக்கும் வரவில்லை. தாள்தான் பத்திரமாக இருக்கிறதே என்று டீச்சர் மனப்பாடம் செய்ததில்லை. நானோ அதை அவசரத்தில் இரண்டு தடவை படித்தவள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தோம்.

"தோராயமா எழுதினா அது என்னோட இங்கிலீஷ். அவளோடது இல்ல. அந்த வரியைக் காலியா விட்டுடுவோம்" என்றார் டீச்சர்.

ஆச்சி சம்மதிக்கவில்லை. "காலியா எதுக்கு விடணும்? அர்த்தம் இருக்குல்ல? அதைத் தமிழ்ல போடுங்க."

"இங்கிலீஷ் புஸ்தகத்திலயா ஆச்சி? அதுவும் இது அவ வார்த்தை இல்லையே."

"அவ வார்த்தையில பாதியை நான் நிப்புக்குப் பொட்டலமா மடிச்சேன். மீதியை இவ அடுப்புல போட்டா. அர்த்தமாச்சும் மிஞ்சியிருக்கே. போடுங்க" என்றார்.

நான்தான் தமிழில் எழுதினேன். 'குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறவர் இன்னும் கரையேறவில்லை; அவரை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, கொடுத்துவைத்தவர்.' அருணாசலம் அண்ணன் தமிழ்ப் பெட்டியிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்தார். முந்நூறு தாளையும் நானே அறுத்து, நானே ஒட்டினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. பதினோரு நாள் ஆனது. விரல் நுனியெல்லாம் பிளேடு கிழித்துப் பசை பட்டு எரிந்தது. இன்னும் கொஞ்சம் எரிந்தால் தேவலை என்றிருந்தது.

முதலில் ஒட்டிக் காய்ந்த பிரதியை ஆச்சியிடம் கொண்டுபோய்ப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். அத்தனை இங்கிலீஷுக்கு அடியில் அந்த ஒரு வரி. ஆயிரக்கணக்கில் புத்தகம் விற்ற ஆச்சி, தம் கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து அதில் ஒரு வரியைத் தாமே படித்தது அன்றைக்குத்தான். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"நான் கூப்பிட்டேன்ல, போதும் படிச்சது, வீட்டுக்கு வான்னு. அதைத்தான் எழுதியிருக்கா. அவரு கொடுத்துவச்சவரு, அவரைக் கூப்பிட ஆளில்லேன்னு. அம்மாளைத் திட்டணும்னு தோணியிருக்கு, திட்டாமத் திட்டியிருக்கா பாரு" என்றார். அழுகையும் சிரிப்புமாக வந்தது. தாளைத் தடவித் தடவிக் கொடுத்தார். "என்னமா எழுதியிருக்கா எம் மக!"

கூப்பிடவில்லை என்பது வரைக்கும் அந்தத் துண்டுத் தாளில் இருந்தது, அது நிச்சயம். கொடுத்துவைத்தவர் என்ற சொல் அதில் இருந்ததா, தமிழில் எழுதும்போது என் கையிலிருந்து வந்துவிட்டதா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, "இதானே அவ எழுதுனது?" என்றார்.

"ஆமா ஆச்சி, அம்புட்டும் அவ எழுதுனதுதான்" என்றேன்.